வெங்காயம் மணக்கும் கை

தொண்ணூறுகளில் ராஜபாளையம் பால்வாடியில் ஆயாவாக இருந்த அந்தச் சேத்தூர்க்காரி மேல் எனக்கு இன்னும் பொறாமை தீரவில்லை. ஒடிசலான உடம்பு, எண்ணெய் காணாத தலை. எந்நேரமும் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே இருப்பாள்.

நாலு வயதாகியும் பேசாத என் மகளுக்கு ஆட்டிசம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் அவள் பிஸ்கட்டைத் தவிர எதையும் தொடமாட்டாள். நாள்கணக்கில் மலச்சிக்கல். அந்த ஆயா ஊட்டினால் மட்டும் பழைய சோறும் வெங்காயமும் தின்றாள். ஒரே மாதத்தில் வயிறு சரியானது.

"வயித்துல இருக்கிற நல்ல கிருமிகளுக்கு இதுதாம்மா தீனி. விடாம குடுங்க" என்றார் டாக்டர்.

எனக்குத்தான் வயிறு எரிந்தது. பால்வாடிக்கே போய்க் கேட்டுவிட்டேன்: "ஏட்டி, எம்பிள்ளைக்கு என்ன மருந்து வச்ச?"

அவள் கோபப்படவில்லை. உரித்துக்கொண்டே சொன்னாள்: "மருந்தெல்லாம் இல்லக்கா. பிள்ள மொதல்ல எங்கைய மோந்து பாக்கும். பொறவுதான் வாயத் தெறக்கும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கண் எரிய எரிய வெங்காயம் உரித்தேன். பழைய சோற்றைப் பிசைந்து கையை நீட்டினேன். மகள் என் விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்தாள். அவள் முகம் மலர்ந்தது. சட்டென்று எழுந்து, வாசலுக்கு ஓடி, தெருவில் அந்த ஆயாவைத் தேடினாள்.