டாஷ்போர்டில் நான் அணைத்த விளக்கு

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் பீடோங்கில் சொந்தமாக ஒரு கார் பட்டறை வைத்திருந்தேன். தனி ஆள். வேலை தெரியும், கூடவே கொஞ்சம் வாய்க்கொழுப்பும் உண்டு.

பக்கத்து ரப்பர் தோட்ட மருத்துவமனையில் டாக்டருக்கு அடுத்தபடியாக வைத்தியம் பார்க்கும் டிரசராக இருந்தவர் ஒருநாள் பழைய ஜப்பான் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் ஒரே வேகத்தில் ஓடும் குரூஸ் கண்ட்ரோல் அதில் இருந்தது. அதற்கான விளக்கு டாஷ்போர்டில் விடாமல் மின்னிக்கொண்டிருந்தது. அந்த வசதியை நான் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. "நம்ம எஸ்டேட் ரோட்டுல இத யாருங்கய்யா போடப் போறா?" என்று சிரித்துவிட்டு, அந்த விளக்கின் பல்பைக் கழற்றிப் போட்டேன். "இனிமே கண்ண உறுத்தாது லா." அவரும் சிரித்துக்கொண்டே போனார்.

இரண்டு வாரம் கழித்து, பின்பக்கம் நசுங்கி அதே கார் வந்தது. பால் வெட்டும் தொழிலாளி ஒருவர், மனைவிக்குப் பிரசவ வலி என்று டிரசரைக் கூப்பிட மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறார். டிரசர் காரில் முன்னால் போக, அவர் பின்னாலேயே வந்திருக்கிறார். மாடு குறுக்கே வர, டிரசர் பிரேக் போட்டார். பின்னால் வந்தவர் மோதி விழுந்தார். மறுநாள் இறந்துபோனார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது.

பிரேக் பெடல் அழுந்தியே இருக்க ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தேன். மோதலில் உடைந்தது ஒரு பக்க விளக்குதான். உடையாத பக்கமும் எரியவில்லை. பெடலுக்கு மேலே இருக்கும் சின்ன சுவிட்சு பழுதாகியிருந்தது. பின்னால் பிரேக் விளக்கை எரிய வைப்பதும் அதுதான், பிரேக்கை மிதித்ததும் குரூஸை நிறுத்துவதும் அதுதான். முன்பு மின்னிய விளக்கு அந்தப் பழுதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதன் வாயை அடைத்திருக்கிறேன். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

டிரசரிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், இறந்தவரின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கைக்குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். நான் வாய் திறக்கும் முன்பே அவள் கேட்டாள்.

"அந்தக் காடிய பாத்தவரு நீங்கதானேண்ணே? இவரு கண்ணுமண்ணு தெரியாம வந்து மோதிட்டாருன்னு சொல்றாங்க. குடிச்சிருந்தாருன்னுகூட பேசுறாங்க."

"இல்லம்மா. அவரு மேல தப்பே இல்ல. காடியில பிரேக் லைட் எரியல. நான்தான் சரியா பாக்காம விட்டுட்டேன். தப்பு என்னோடது."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மாமியாரைக் கூப்பிட்டாள். பிறகு லயத்தில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்காரரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எல்லோரும் வந்து நின்றதும் என்னைப் பார்த்தாள்.

"இப்ப சொல்லுங்கண்ணே. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

சொன்னேன். இறந்தவருக்கு அவருடைய நல்ல பெயரை மட்டும்தான் என்னால் திருப்பிக் கொடுக்க முடிந்தது. அது போதாது என்பது இன்றும் எனக்குத் தெரியும்.