மோதிரம் போட்ட கை

கைக்குட்டையால் வாயைக் கட்டிக்கொண்டுதான் தெக்லா படத்தின் மேல் குனிகிறாள். பாஸ்டல் என்பது தாளில் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும் வண்ணப் பொடி. ஒரு தும்மலில் ஒரு கன்னம் போய்விடும். க்ராக்கோ நகரில் ஓர் அருங்காட்சியகத்தில் முப்பத்தோரு ஆண்டுகளாக ஓவியங்களுக்குக் குறிப்பு எழுதுகிறாள். கசகசா ரொட்டியை மாடிப்படியில் நின்றபடியே தின்பாள். துணுக்கு உதிருமென்று மேஜைக்குக் கொண்டுவர மாட்டாள். படத்தில் இருப்பவர்களோடு பேசுவதும் உண்டு. "சித்த நிமிந்து உக்காரேண்டி" என்பாள். பதில் வராததில் வருத்தமில்லை.

சென்ற மார்ச்சில் வந்த படத்தில் ஒரு பெண் ஜன்னலோரம் அமர்ந்திருந்தாள். பின்னட்டையில் 'சீமாட்டி எவெலினா, 1868' என்று இருந்தது. கொடுத்தவர் செவெரின், ஓய்வுபெற்ற வழக்கறிஞர். எவெலினா அவருடைய கொள்ளுப்பாட்டியைப் பெற்றவள். இன்னும் பதினோரு படங்கள் தருவதாகச் சொல்லியிருந்தார். பன்னிரண்டையும் வைக்கும் கண்காட்சிக்குச் சுவரொட்டிகூட அச்சாகிவிட்டது.

தெக்லா பின்னட்டையைக் கழற்றித் தாளுக்கு அடியில் விளக்கை வைத்தாள். தாளுக்குள்ளேயே பதிந்திருக்கும் ஆலையின் அடையாளம், நீர்முத்திரை, தெரிந்தது. பிறகு இரண்டு நாள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை ஓவியன் விரலால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தான். கைகளைத் தொடவே இல்லை. விரல் முட்டிகளில் சிவப்புக் கோடுகள் இழுத்தது இழுத்தபடி நின்றன. விரலில் ஒரு மோதிரம். அது மட்டும் தூரிகையால் தீட்டியது.

"சார், இந்தத் தாளச் செஞ்ச ஆலையே எண்பத்தி நாலுலதான் ஆரம்பிச்சாங்க" என்றாள் செவெரினிடம். "உங்க சீமாட்டி எழுபத்தி ஒண்ணுலயே போய்ச் சேந்துட்டாங்க. ஆவியா வந்து உக்காந்தாங்களா?"

"வாய அடக்கிப் பேசுங்கம்மா. அப்ப இது யாரு?"

"பேரு தெரியல. காரத் தண்ணில துணி தொவச்சு வெடிச்ச கை. எங்கம்மாவும் சலவைக்காரிதான், கை இப்படியேதான் இருக்கும். மோதிரத்தப் பின்னால யாரோ மாட்டி விட்டிருக்காங்க."

"நாலு தலைமுறையா எங்க வீட்டுக் கூடத்துல சலவைக்காரியவா மாட்டி வெச்சிருந்தோம்?"

"ஆமா சார். நல்லாத்தானே இருந்திருக்கு."

அருங்காட்சியக இயக்குநர் ருஃபின் அவளை அறைக்கு வெளியே இழுத்துப் போனார். "மேடம், 'எவெலினாவாக இருக்கலாம்'னு ஒரு வார்த்த போட்டா போதும். இல்லேன்னா பதினோரு படம் கைவிட்டுப் போயிடும்."

"'இருக்கலாம்'னு நான் எழுதினா, 'இருக்கு'ன்னுதான் படிப்பாங்க."

பதினோரு படங்களும் வரவில்லை. இந்த ஒன்றை முன்பே எழுதிக் கொடுத்துவிட்டதால் செவெரினால் திரும்பக் கேட்க முடியவில்லை. சுவரொட்டிக் கட்டுகள் பழைய தாளோடு எடைக்குப் போயின. ருஃபின் இரண்டு வாரம் அவளுக்கு வணக்கம் சொல்லவில்லை. அது உறைத்தது; ரொட்டியைப் பாதியில் மடித்து வைத்த நாட்களும் உண்டு.

படத்துக்கு அருகே மாட்டும் அட்டையைத் தன் கையாலேயே எழுதினாள். 'பாஸ்டல், நீலத் தாள். 1884க்குப் பின். மோதிரம் பிற்காலத்தது, வேறொருவர் தீட்டியது. அமர்ந்திருப்பவர்:' என்றதும் பேனா நின்றது. அந்த இடத்தில் 'தெரியவில்லை' என்று போடுவதுதான் வழக்கம். தெக்லா ஒரு பெயர் எழுதும் அகலத்துக்கு வெற்றிடம் விட்டாள். அதற்கப்பால் முற்றுப்புள்ளி வைத்தாள்.