சேரனின் கடைவாய்ப்பல்

சேரனுக்குத் தன் வாயிலிருந்த பற்களிலேயே வலது பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப்பல்மேல்தான் உயிர். அவருக்குப் பிழைப்பே அதில்தான் இருந்தது. செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு விவசாயிகள் கொண்டுவரும் நெல்லைப் பார்த்து, ஓர் அரிசி ஆலைக்காக வாங்கிக் கொடுப்பது அவர் வேலை. குவியலுக்குள் கையை விட்டு ஒரு நெல்லை எடுப்பார். உள்ளங்கையில் தேய்த்து உமியை ஊதிவிட்டு, அரிசியை அந்தப் பல்லில் வைத்துக் கடிப்பார். டக்கென்று உடைந்தால் காய்ந்த நெல். நசுங்கினால் ஈரம். உடைந்தாலும் சரி, நசுங்கினாலும் சரி, முகத்தைச் சுளித்துக்கொண்டு "ஈரமா இருக்குதே" என்பார். அப்படிச் சொன்னால்தானே விலையை இறக்க முடியும்.

இத்தனை வருட வியாபாரத்தில் அவர் தெரிந்துகொண்டதாக நினைத்தது ஒன்றுதான். விற்கிறவர் எதை எடுத்துக்கோ எடுத்துக்கோ என்கிறாரோ, அதில் ஏதோ கோளாறு இருக்கும். எதைக் கொடுக்க மனமில்லாமல் பின்னால் தள்ளுகிறாரோ, அதுதான் நல்ல சரக்கு. இந்த மூளையோடுதான் அவர் பல் டாக்டரிடமும் போனார்.

போனார் என்று சொல்லக்கூடாது. பல்வலியில் இரண்டு நாள் கஞ்சி மட்டுமே குடித்துக்கொண்டு, வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தவரை, மனைவி ஜெயசுதா ஸ்கூட்டியில் உட்கார வைத்துக் கூட்டிப்போனாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் புதிதாகக் கிளினிக் வைத்திருந்த டாக்டர் அனு, சின்ன வயசுப் பெண். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"இந்தக் கடைவாய்ப்பல்லுல சொத்தை வேர் வரைக்கும் போயிருக்குது சார். ரூட் கெனால் பண்ணி கேப் போட்டா பல்லைக் காப்பாத்திடலாம். தள்ளிப் போடாதீங்க. ஈறெல்லாம் காரை கட்டியிருக்குது, கிளீனிங்கும் பண்ணணும்."

"இந்தக் கடைசியில ஒண்ணு கோணலா நிக்குதேம்மா?"

"அது சும்மா இருக்குது. தொந்தரவு குடுத்தா பாத்துக்கலாம்."

"முன்பல்லுல இந்த சந்து?"

"அழகுக்குத்தான் அடைப்பாங்க. உங்களுக்கு வேண்டாம் சார், பொறந்ததுலேர்ந்து இருக்குறதுதானே."

சேரன் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். யாரிடம்? ரூட் கெனாலை முன்னால் தள்ளுகிறாள், பல்சந்தைப் பின்னால் ஒளிக்கிறாள். கிளீனிங் செய்தால் பல் ஆட்டம் கொடுக்கும் என்று டீக்கடையில் வேறு கேட்டிருந்தார். ஆகவே அவர் ரூட் கெனாலையும் கிளீனிங்கையும் ஒதுக்கிவிட்டு, முன்பல் சந்தை மட்டும் அடைத்துவிடச் சொன்னார். அனு எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவள் சொல்லச் சொல்ல இவருக்குப் பிடிவாதம் கூடியது.

"வலிக்குதுன்னு வந்த பல்ல வுட்டுட்டு வலிக்காத பல்லுக்கு வைத்தியம் பாக்குற ஆள நான் எங்கியும் பார்த்ததில்ல" என்றாள் ஜெயசுதா.

அடுத்த வாரமே வலி நின்றுவிட்டது. சேரனைப் பிடிக்க முடியவில்லை. பஜாரில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரையும் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார். "பாத்தியா? ரூட் கெனாலாம் ரூட் கெனாலு! தானா சரியாப் போச்சு" என்று மனைவியிடம் தினமும் ஒருமுறை சொன்னார். பல்லுக்குள் நரம்பு செத்துப்போனதால்தான் வலி நின்றது என்று அவருக்கு யார் சொல்வது? சொன்னாலும் பாதிதான் நம்பியிருப்பார்.

தை மாசம் நெல் வரத்து நெருக்கியடித்த ஒரு காலையில், சிங்கவரத்துத் தைலம்மாளின் குவியலுக்கு வந்தார். அந்த அம்மா வருஷாவருஷம் நன்றாகக் காயவைத்துத்தான் கொண்டுவரும். வருஷாவருஷம் சேரனும் ஈரம் என்றுதான் சொல்வார். வழக்கம்போல நெல்லைத் தேய்த்து, ஊதி, பல்லில் வைத்து ஒரு கடி கடித்தார். டக்கென்றது. ஆனால் சத்தம் அரிசியிலிருந்து வரவில்லை. உள்ளங்கையில் துப்பிப் பார்த்தார். அரிசி முழுசாக இருந்தது. பக்கத்திலேயே பாதிப் பல் கிடந்தது.

சுற்றியிருந்த விவசாயிகள் எட்டிப் பார்த்தார்கள். தைலம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இப்ப சொல்லு சேரா. ஈர நெல்லுக்கா பல்லு ஒடஞ்சிது?"

கமிட்டியே சிரித்தது. காய்ந்த நெல்லுக்கான விலையைத்தான் அன்றைக்கு அவர் கொடுக்க வேண்டியிருந்தது. அதுகூடப் பெரிதில்லை. உள்ளங்கையில் அந்தப் பாதிப் பல்லைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இது இனிமே நிக்காது சார், வேர் வரைக்கும் பொளந்திருக்குது. எடுத்துத்தான் ஆகணும்" என்றாள் அனு. பிடுங்கிய பள்ளத்தில் பஞ்சை வைத்து, "இறுக்கிக் கடிச்சிக்குங்க. ஒரு மணி நேரத்துக்கு வாயே திறக்கக்கூடாது" என்று வெளியே உட்கார வைத்தாள்.

பக்கத்து நாற்காலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள். மேல்மலையனூர் பஸ் கண்டக்டர், பெயர் விமல்ராஜ் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

"எனுக்கு ரூட் கெனால் பண்ணணுமாம்ண்ணே. இவங்க சொல்றதுல பாதி கழிச்சிட்டுதான் எடுத்துக்கணும், இன்னா சொல்றீங்க?"

சேரன் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படிக் கழிக்க வேண்டாம் என்று வேகமாகத் தலையாட்டினார்.

"அதான், நீங்களே வேணான்றீங்க பாருங்க" என்று விமல்ராஜ் எழுந்துவிட்டார்.

சேரன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். பேசவும் முடியவில்லை, விடவும் மனமில்லை. கடைசியில் பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு, வாயை ஆவென்று திறந்து, ரத்தம் நிரம்பிய பள்ளத்தை அவருக்குக் காட்டினார். நல்ல புத்தி சொல்வதாகத்தான் அவருக்கு நினைப்பு. விமல்ராஜ் ஒரே ஓட்டமாகப் படியிறங்கி ஓடியே போனார்.

சத்தம் கேட்டு வந்த அனு, புதுப் பஞ்சை உருட்டி வைத்தாள். வாசலையே பார்த்துக்கொண்டு கண்கலங்க உட்கார்ந்திருந்தவரிடம் சொன்னாள்:

"வுடுங்க சார். பல்லு ஒடஞ்சதும் அவரும் வருவாரு."