ஃபிளோரா சொன்ன அளவு

என் அண்ணன் மகள் ஃபிளோராவுக்குப் புனேயில் கார் கம்பெனி வேலை. கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து துபாய்க்குப் போனவர்களின் வேலையைச் சட்டென்று சொல்லிவிடலாம். இவள் வேலையைச் சொல்வதற்குள் எனக்கு வாய் வலித்துவிடும். கதவை ஓர் ஊரில் செய்கிறார்கள், கீலை இன்னோர் ஊரில், கதவு உட்காரும் கூட்டை வேறோர் ஊரில். எதுவும் சொன்ன அளவில் அச்சாக வராதாம். நூலிழை கூடும், நூலிழை குறையும். அத்தனையும் சேர்ந்தாலும் கதவு பொருந்துமா என்று கம்ப்யூட்டரில் ஒரு மாடல் போட்டு, எல்லா ஊர்க்காரர்களும் அந்த ஒன்றையே பார்க்கும்படி வைத்திருப்பாள்.

ஊருக்கு வந்தாலும் போனில் கத்தல்தான். "பழைய மாடலை ஏன் சார் திறக்குறீங்க? அளவெல்லாம் மாத்தியாச்சு, புதுசைப் பாருங்க!"

"ஆமா, பெரிய கலெக்டரு," என்பேன். அண்ணன் பெரியநாயகசாமிக்கு அதைக் கேட்கப் பெருமை தாங்காது.

கடைசி இரண்டு கிறிஸ்மஸுக்கும் அவள் வரவில்லை. வீடியோ காலில் பேசினாள். அண்ணன் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார், கழுத்துக்குக் கீழே காட்டவே மாட்டார். அழுத்தக்காரர்.

அவர் இறந்த அன்று, எங்களை ஒரு வார்த்தை கேட்காமல், சவப்பெட்டி செய்யும் ரெமிஜியஸுக்குப் புனேயிலிருந்தே போன் போட்டிருக்கிறாள். "தேக்குல செய்ங்கண்ணே. அப்பா பெரிய உடம்பு." அளவையும் அவளே சொல்லிவிட்டாள். மறுநாள் அவள் வந்து சேர்ந்தபோது அண்ணன் பெட்டிக்குள், கழுத்துவரை பூவோடு கிடந்தார்.

கல்லறையில் பெட்டி குழிக்குள் இறங்கவில்லை, அகலம் இடித்தது. முன்னமே போய்ச்சேர்ந்த அண்ணியின் குழியை ஒட்டி, போன வருஷம் அண்ணனே கூட நின்று கட்டிக்கொண்ட செங்கல் குழி அது.

"நடுச்சுவரை இடிச்சா அம்மா பக்கம் சரிஞ்சிடுங்க," என்றார் கொத்தனார் தியாகேசன்.

வேறு இடத்தில் வெட்டலாமே என்று ஒருவர் சொன்னார். எனக்கு வந்ததே கோபம்! அண்ணி பக்கத்தில் படுக்க வேண்டும், அது ஒன்றுதானே என் அண்ணன் கேட்டது?

ஃபிளோரா அழவில்லை. ஆபீஸில் பேசுகிற அதே குரலில், "குழிக்கு யார் அளவெடுத்தது?" என்றாள்.

"நாந்தாங்க. ஐயாவை நிக்க வச்சே எடுத்தேன்."

"பெட்டிக்கு?"

ரெமிஜியஸ் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க சொன்னதும்மா."

"அப்பாவை வெளிய எடுங்க," என்றாள்.

அந்தக் காலத்தில் எங்களில் யாருக்குத் தனிப்பெட்டி இருந்தது? கோயிலின் பொதுப்பெட்டியான தூம்பாவில் தூக்கி வருவோம், துணியோடு இறக்குவோம். அண்ணனையும் வேட்டியில் ஏந்தி இறக்கினார்கள். பாரமே இல்லை என்றார்கள். குழிக்குள் சரியாகப் படுத்தார். இரண்டு பக்கமும் இடம்கூட மிச்சம் இருந்தது.

ஃபிளோரா குனிந்து பார்த்தாள். "அத்தை, அப்பா எப்ப இப்படி இளைச்சாங்க?"

நீ எங்கடி வந்து பாத்தே என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"நான் பழைய அப்பாவோட அளவைச் சொல்லிட்டேன் அத்தை," என்றாள்.

மண் போடச் சொன்னார்கள். போட்டாள்.