அந்தோணியின் பதினெட்டு வருஷம்

அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிய வருஷம் எனக்குப் பதினொரு வயது. அப்பாவின் தங்கை அவர். சுங்கை பாக்காப் என்ற சின்ன ஊரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர், ஒரு நாள் இரண்டு பைகளோடு ஜார்ஜ்டவுனுக்கு வந்து, ஒன்பதாவது மாடியிலிருந்த எங்கள் வீட்டில் என் அறையில் பாதியை எடுத்துக்கொண்டார். அத்தைக்கு ரத்தம் குறைவு, பெரிய ஆஸ்பத்திரி இங்கேதான் இருக்கிறது என்று அம்மா சொன்னார். கொஞ்ச நாளில் அத்தையின் முடி கொட்டியது. பூப்போட்ட பாத்தேக் துணியைத் தலையில் கட்டிக்கொண்டார். ரத்தம் குறைந்தால் முடி கொட்டும் போலிருக்கிறது என்று நானாக முடிவு செய்து, தட்டில் கீரையை மிச்சம் வைக்காமல் சாப்பிட ஆரம்பித்தேன்.

அண்ணன் கோலாலம்பூருக்குப் படிக்கப் போகும்போது தன் கேம் மெஷினை விட்டுப் போயிருந்தான். நல்ல சிடிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு, யாருக்கும் வேண்டாத ஒன்றை மட்டும் எனக்கு வைத்துவிட்டுப் போனான். பேஸ்பால். எங்கள் குடியிருப்பில் பேஸ்பால் மட்டையைக் கண்ணால் கண்டவர்கள்கூட யாரும் இல்லை. ஆனாலும் பள்ளி விட்டு ஒன்றரை மணிக்கு நான் வந்தால், அப்பா டாக்சியிலும் அம்மா துணிக்கடையிலும் இருக்க, வீட்டில் நானும் அத்தையும்தான். அவரால் வெயிலில் வெளியே போக முடியாது. எனக்கு வேறு கேமும் இல்லை.

அந்த விளையாட்டில் நாமே ஓர் ஆட்டக்காரனை உருவாக்கலாம். பத்தொன்பது வயதில் ஒரு சின்ன ஊர் அணியில் சேர்ந்து, நன்றாக ஆடினால் பெரிய அணிக்குப் போவான். அத்தை அவனுக்கு அந்தோணி என்று பெயர் வைத்தார். ஓட்டம், பந்தைப் பிடிப்பது, பலம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளிகளைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் பலத்தில் கொட்டினேன்.

"ஓடத் தெரிய வேணாமா?" என்றார் அத்தை.

"பந்து வெளிய போயிட்டா எதுக்கு அத்தே ஓடணும்? நடந்தே வரலாம்லா."

அத்தைக்கு அது நியாயமாகப் பட்டது. இப்படித்தான் அந்தோணி, பத்துப் பந்தில் ஏழு பந்தைத் தவறவிட்டு, பட்ட பந்தை விளக்குக் கம்பங்களுக்கு மேலே அனுப்பும் ஓர் ஆளாக உருவானான். அதை நாங்கள் சிக்ஸர் என்றே சொன்னோம். மூன்று முறை காற்றை அடித்து அவுட்டாகி அவன் தலைகுனிந்து திரும்பி வரும்போதெல்லாம், "பரவால்லடா, போய்த் தண்ணி குடி" என்பார் அத்தை.

அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. ஒரு மேட்சையும் ஆடாமல் தாண்டக் கூடாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு வந்து, கட்டிலருகே வாளியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுருண்டு படுத்திருப்பார். அப்போதும் நான் பள்ளியிலிருந்து வந்ததும், "இன்னிக்கு யாரோட மேட்ச்?" என்று கேட்பார். அவர் எழுந்து உட்காரும்வரை நான் காத்திருக்க வேண்டும். அதனால் நான்கு மாதமாகியும் அந்தோணி சின்ன ஊரைவிட்டு நகரவில்லை.

ஒரு தடவை அத்தைக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களை வார்டுக்குள் விடமாட்டார்கள். அப்பாவும் அம்மாவும் மாறி மாறிப் போனார்கள். வந்து குசினியில் அடுப்பருகே நின்று மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். அத்தை வரும்போது அவர் சந்தோஷப்படும்படி ஏதாவது செய்து வைக்க வேண்டும் என்று தோன்றியது. மேட்சுகளைத் தானாக ஓடவிடும் பொத்தான் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். முதலில் ஒரு வாரத்தைத் தாண்டினேன். பிறகு ஒரு மாதம். அந்தோணியைப் பெரிய அணி கூப்பிட்டது. சோபாவின் மேல் நின்று தனியாகக் குதித்தேன். இன்னும் கொஞ்சம் போனால் கோப்பையும் வந்துவிடும் என்று விரலை எடுக்கவே இல்லை. வருஷங்கள் ஓடின. பார்த்தால் அவனுக்கு முப்பத்தேழு வயது. பலம் பாதியாகிவிட்டது. அணி அவனை அனுப்பிவிட்டது என்று திரையில் வந்தது. பின்னால் போக வழியே இல்லை.

பத்து நாள் கழித்து அத்தை வந்தார். சட்டை தோளிலிருந்து நழுவும் அளவுக்கு இளைத்திருந்தார். சோபாவில் உட்கார்ந்து டிவியைப் பார்த்தார்.

"யாரு இந்தத் தாடிக்காரன்?"

"அந்தோணி, அத்தே." அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"பதினெட்டு வருஷத்தயும் ஒரே மத்தியானத்துல முடிச்சிட்டியா, பாப்பா?" என்றார். குரலில் கோபம் இல்லை. என் கையிலிருந்த கன்ட்ரோலரை வாங்கி, அவனுடைய கணக்கு இருந்த பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு வருஷமாகப் படித்தார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இருவத்தாறு வயசுல ஏன் பாதி மேட்ச் ஆடல?"

"அடிபட்டிருக்கும்."

"எங்க அடிபட்டுச்சு?"

"தெரியல அத்தே. நான் பாக்கல."

"அப்புறம் நல்லாயிட்டானா?"

அடுத்த வரியை விரலால் காட்டினேன். அந்த வருஷம் ஐம்பத்தொரு சிக்ஸர். "நல்லாயிட்டான்லா."

அத்தை அந்த வரியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துணியைத் தலையில் சரிசெய்துகொண்டு, "சரி, வேற ஒருத்தன செய்வோம். பத்தொம்பது வயசுலேர்ந்து. இந்தத் தடவ ஒரு நாளக்கூட தாண்டக் கூடாது. மழை பேஞ்சு மேட்ச் நின்னாலும் ஒக்காந்து பாக்கணும்" என்றார்.

அடுத்த வருஷம் நடுவில் அத்தை குணமாகி வேலைக்குத் திரும்பினார். இன்றும் நன்றாக இருக்கிறார். பேஸ்பால் என்றால் சிரிப்பார். அந்தக் காய்ச்சலில் பிழைப்பாரா என்றே அப்பா பயந்திருந்ததை, நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னார்.

அன்றைக்கு எனக்கு அது எதுவும் தெரியாது. ஒரு நாளையும் விடாமல் ஆட வேண்டும் என்று அத்தை சொன்னது, நான் செய்த தப்புக்குக் கொடுத்த தண்டனை என்றுதான் நினைத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.