ஏழு கைகளும் என் கையும்

ஸ்ரீரங்கத்தில் இருந்தவரை நான் எந்த ஓட்டெடுப்பிலும் தோற்றதில்லை. எங்கள் ஃபிளாட்டில் எல்லாரும் ஒரே மாதிரி. ஒருவர் கை தூக்கினால் மற்றவர்களும் தூக்குவோம். மகளின் ஸ்கூலுக்காகத் தென்னூருக்கு வந்தோம். இங்கே ஃபிளாட்டில் எட்டே வீடுகள். சைவம் எங்கள் வீடு மட்டும்தான்.

ஒரு ஞாயிறு மாலை மொட்டைமாடியில் கூட்டம். முக்கொம்புக்கு எல்லாரும் ஒன்றாகப் பிக்னிக் போவது பற்றிப் பேச்சு. ஓய்வுபெற்ற ரயில்வேக்காரரான செயலாளர் நோட்டைத் திறந்தார்.

"பிரியாணி வேணுங்கறவங்க கை தூக்குங்க."

ஏழு கை.

"வேண்டாங்கறவங்க?"

வீட்டுக்கு ஒரு ஓட்டு. என் கை மட்டும் கொடிக்கம்பம் போல நின்றது.

"நான் தனியா தயிர்சாதம் எடுத்துட்டு வந்துடறேன் சார்" என்றேன்.

"அதெப்படிங்க? எல்லாரும் ஒரே சாப்பாடு. ஒற்றுமைக்குத்தானே போறோம்! மெஜாரிட்டி முடிவு பண்ணியாச்சு."

கீழ்வீட்டு அம்மா எழுந்தார். கணவர் துபாயில், இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்பவர். பிரியாணி செய்வதும் அவர்தான்.

"சார், பிரியாணி வேணும்னுதான் நான் கை தூக்கினேன். மாமி பட்டினி கிடக்கணும்னு எப்ப தூக்கினேன்? நாளைக்கு ஏழு பேர் சேந்து நான் நோன்பு வைக்கக்கூடாதுன்னு கை தூக்கினா, விட்டுடணுமா?"

செயலாளர் பேனாவை மூடினார். எனக்குத்தான் முகம் சுட்டது. ஒருமுறை ஸ்ரீரங்கத்து ஃபிளாட்டுக்கு ஓர் இளம் தம்பதி வாடகைக்கு வந்திருந்தார்கள். ஃபிளாட்டில் யாரும் முட்டை சமைக்கக்கூடாது என்று தீர்மானம் போட்டோம். முதலில் தூக்கிய கை என்னுடையது. மாடிப்படியில் அந்தப் பெண் கேட்டாள்: "எங்க அடுப்புதானே மாமி?" "எல்லாரோட முடிவும்மா" என்று சொல்லி நழுவினேன். அந்த மாதமே காலி செய்துவிட்டார்கள்.

அதுவரை யாரிடமும் சொல்லாத அதை அந்தக் கூட்டத்தில் சொன்னேன்.

"அப்ப உங்களுக்குத் தயிர்சாதம் தரக்கூடாதுதான்" என்றார் கீழ்வீட்டு அம்மா. பிறகு அவரே முதலில் சிரித்தார்.

செயலாளர் நோட்டில் எழுதி, உரக்கப் படித்தார்: "ஒருவர் என்ன சாப்பிடுகிறார், எப்படிச் சாமி கும்பிடுகிறார் என்பதற்கு இங்கே ஓட்டெடுப்பு கிடையாது." படித்துவிட்டுப் பழக்கதோஷத்தில், "இதை ஆதரிக்கறவங்க கை..." என்று ஆரம்பித்தார்.

"சார்!" என்று எல்லாரும் கத்தினோம்.

முக்கொம்பில் மரநிழலில் பாய் விரித்து உட்கார்ந்தோம். பிரியாணி வாசனை தூக்கியது. நான் டப்பாவைத் திறந்ததும் செயலாளர் தட்டோடு மெல்ல என் பக்கம் நகர்ந்து வந்தார்.

"வயிறு சரியில்லீங்க. காரமே கூடாதுன்னுட்டார் டாக்டர். எனக்கும் ரெண்டு கரண்டி போடுங்க."

தாராளமாகவே போட்டேன். எங்கள் கட்சிக்கு ஓர் ஆள் கூடியிருந்தார்.