நஸ்ரியாவும் கட்டுப்பல்லும்

கிண்ணியாவில் மணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்கு வந்துவிடுவான். பிறந்த வீடு சகோதரிக்கு. முனாப் நஸ்ரியாவின் வீட்டுக்கு வந்து முப்பத்தொரு வருடம். அவனுடைய மூத்த சகோதரி, ஸல்ஹா ராத்தா, இரண்டு தெரு தள்ளி இருந்தாள். அந்தத் தூரம் நஸ்ரியாவுக்குப் போதுமாக இருந்தது.

முனாப் இறங்குதுறையில் படகு எஞ்சின் திருத்துபவன். வெற்றிலை போடுவான், வயரைப் பல்லால் உரிப்பான். ஐம்பத்தைந்து வயதில் மேல்வரிசையில் ஒன்றும் மிஞ்சவில்லை. கல்யாண வீடுகளில் ஆறு பேர் ஒரு சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து அள்ளித் தின்பார்கள். அவன் உட்காரமாட்டான்.

"நான் முதல் வாய மெல்ல முந்தி அவனுகள் தட்ட வழிச்சிருவானுகள்," என்று வீட்டுக்கு வந்து சாப்பிடுவான்.

நஸ்ரியா அடுப்பை அணைக்காமல் வைத்திருப்பாள். பாரைமீனில் முள் எடுப்பாள். ரொட்டியைத் தேங்காய்ப்பாலில் ஊறவைப்பாள். ஊருக்கு முன்னால் அலுத்துக்கொள்வாள். நான்கு வருடம் அப்படிப் போனது. அவளுக்கு அது நல்ல காலம்.

ஸல்ஹாதான் தம்பியை நகரத்துப் பல் டொக்டரிடம் கூட்டிப் போனாள். கட்டுப்பல் கைக்கு வரும் நாளில் நஸ்ரியாவும் போனாள். இரவில் கழற்றிப் பச்சைத்தண்ணீரில் போட வேண்டும், சுடுதண்ணீர் கூடவே கூடாது என்று தாதி அவளைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அந்தக் கிழமையே முனாப் மத்தியானம் வயிறு நிறைந்து வந்தான்.

"ராத்தா எலும்புக்கறி ஆக்கியிரிந்தா. விட்டாத்தானே."

"வேணாமெண்டு சொல்ல ஏலாதா?"

"நாலு வருசம் எலும்பக் காணாத வாய் அப்பிடிச் சொல்லுமா புள்ள?"

மறுநாளும் போனான். அதற்கு மறுநாள் நண்டு. கேட்காமலே சொன்னான், ஸல்ஹா நண்டுக்கு முருங்கையிலை போடுவாள் என்று. அவன் கை கழுவிய பிறகு நஸ்ரியா துவாயை எடுத்து மணந்து பார்த்தாள். தன் வீட்டு மசாலா இல்லை. மூடிவைத்த சோற்றை ஆட்டுக்குக் கொட்டினாள்.

ஒரு காலை அவன் சுபஹ் தொழப் போயிருந்தான். பல் கோப்பையில் கிடந்தது. தேத்தண்ணிக்கு வைத்த கேத்தல் கொதித்தது. அவள் பச்சைத்தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொதிதண்ணீரை ஊற்றினாள். கிருமி சாகட்டும் என்று வாய்விட்டே சொன்னாள், குசினியில் வேறு யாரும் இல்லாதபோதும். ஆறிய பிறகு மறுபடி பச்சைத்தண்ணீர் நிரப்பினாள்.

அதன் பிறகு பல் நிற்கவில்லை. இறங்குதுறையில் ஒரு தும்மலுக்கு எஞ்சினுக்குள் விழுந்தது. முனாப் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெறும் வாயோடு வீட்டுக்கு வந்தான். அன்று நஸ்ரியா மூன்று கறி வைத்தாள்.

டொக்டர் பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வளைஞ்சு போச்சு. சுடுதண்ணியில போட்டீங்களா?"

"இல்ல டொக்டர். பச்சத்தண்ணிதான்," என்றான் முனாப்.

"நான்தான் ஊத்தினனான்," என்றாள் நஸ்ரியா. "கிருமிக்கு."

முனாப் அவளைத் திரும்பிப் பார்த்தான். நேரம் எடுத்துப் பார்த்தான். பிறகு ஈறு தெரியச் சிரித்தான்.

"கிருமிக்கு இல்ல டொக்டர். எண்ட ராத்தாட எலும்புக்கறிக்கு ஊத்தியிரிக்கிறாள்."

டொக்டருக்கு அது விளங்கவில்லை. புதிதாக அச்சு எடுக்க வேண்டும் என்றார். இளஞ்சிவப்புப் பசையைத் தட்டில் நிரப்பி முனாபின் மேலண்ணத்தில் வைத்து அழுத்தினார்.

"இறுகும் வரைக்கும் அசையப்படாது. கதைக்கவும் கூடாது."

முனாபின் கண்ணில் நீர் வந்தது. நஸ்ரியா கதிரையை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"புதுப்பல் வரட்டும். ராத்தா வீட்டுக்கு வெள்ளிக்கிழம மட்டும் போங்க. மத்த நாள் எண்ட சோறு. எலும்பு வேணுமெண்டா நானும் ஆக்குவன். எனக்கும் முருங்கமரம் நிக்கிது. நாலு வருசம் முள் எடுத்தவள் நான். உங்கட ராத்தா ஒரு முள் எடுத்தாவா?"

முனாப் கையை உயர்த்தினான். டொக்டர் அதைக் கீழே இறக்கிவிட்டார்.

"சரியெண்டா கண்ண மூடுங்க," என்றாள்.

அவன் கண்ணை மூடவில்லை. அகல விழித்துக்கொண்டே இருந்தான். தட்டு வெளியே வந்ததும் ஒட்டிய பசையைத் துப்பினான்.

"ஞாயிறும்," என்றான்.

"ஞாயிறு ஏலாது."